மணிமேகலையின் சுட்டுணர்வும் இன்றைய காட்சியியலும்

மணிமேகலையின் அளவையியற் பகுதிகளைக் கற்பார்க்கு இடர்ப்பாடு விளைப்பதொரு சொல் உண்டு. அது சுட்டுணர்வு என்பது. 27 ஆம் காதையில், வஞ்சி நகரத்தே தன் கோட்பாட்டை மணிமேகலைக்கு உரைக்கும் அளவைவாதி, அளவை போலத் தோன்றி அளவை ஆகாதன எட்டு என எண்ணுமிடத்துச் சுட்டுணர்வையே முதற்கண் வைக்கின்றான். 29 ஆம் காதையிலோ, காஞ்சி நகரத்தே அறவண அடிகள் பௌத்த அளவைநூலை அவளுக்கு உணர்த்துமிடத்து, அச்சுட்டுணர்வே குற்றமற்ற காட்சியளவை எனப்படுகின்றது. ஒருவர்க்கு வழுவாயது மற்றொருவர்க்கு இலக்கணமாகின்றது. இம்மாறுபாட்டை நூலாசிரியர் எவ்விடத்தும் எடுத்துக் காட்டினார் அல்லர். அவரவர் கொள்கையை அவரவர் வாயிலாகவே கூறவைத்து அமைகின்றார்.

இரண்டு இடங்கட்கும் ஒரே பொருளெழுதிச் செல்வாரும் உளர். அங்ஙனம் செய்யின், பௌத்தர்க்கும் வைதிக அளவை நூலார்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் நிகழ்ந்த பெரியதொரு சொற்போர் நம் கண்ணுக்குப் புலனாகாது மறைந்துவிடும். அச்சொற்போர் எதனைப் பற்றியது? நாம் காணும் பொருளில் கண் தருவது எவ்வளவு, மனம் தருவது எவ்வளவு என்பதே அது. இதே வினாவைக் கடந்த நூற்றெழுபது ஆண்டுகளாக உடலியலாரும் உளவியலாரும் ஆய்கூடத்தில் வைத்து ஆராய்ந்து வருகின்றனர். அவர்தம் முடிபுகளை உடன்வைத்து நோக்குவது, மணிமேகலைச் சொல்லின் பொருளைத் துணிதற்கும் துணையாம்.

அளவைவாதி காட்சிக்குக் கூறும் இலக்கணத்தை முதலில் நோக்குவாம். உயிரும் பொறியும் மனமும் ஊறுபாடின்றி இருத்தல் வேண்டும். ஒளியும் பொருளும் இடமும் பழுதின்றி அமைதல் வேண்டும். சுட்டல், திரிதல், கவர்கோடல் என்பன தோன்றுதல் கூடாது. இவ்வாறு அமைந்தவழி, பொருளை அது கிடந்த இடத்தோடும் பெயர், சாதி, குணம், தொழில் என்பவற்றோடும் சேர்த்து அறிவதே காட்சி. ஏதோ ஒரு பொருள் உளது என்ற அளவில் நின்றுவிடுதல் சுட்டுணர்வு. அஃது அறிவாக நிரம்பாத அறிவு. 'இஃது ஆ, வெள்ளிது, நடக்கின்றது' என்றாற்போல விரிந்தபோதே அது நிரம்புகின்றது என்பது அவன் கருத்து.

அறவண அடிகள் இதனை அடியோடு தலைகீழாக்குகின்றார். ஆதி சினேந்திரன் கொண்ட அளவைகள் காட்சி, கருத்தளவு என இரண்டே. சுட்டுணர்வு காட்சியாம், பெயர், சாதி, குணம், தொழில் என்பன காட்சியைச் சார்ந்தன அல்ல, அவை கருத்தளவின் பாற்படும். அளவைவாதி எந்நான்கினைச் சேர்த்துக் காட்சியை நிரப்பினானோ அந்நான்கினையே அடிகள் பெயர்த்தெடுத்துப் புறத்தே வைக்கின்றார். இரண்டு காதைகளிலும் எண்ணப்படும் நான்கும் ஒன்றாயிருத்தல் தற்செயலாக நிகழ்ந்ததன்று.

இக்கொள்கைக்கு முதல்வர் திக்நாகர். அவர் 5, 6 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். திபெத்திய வரலாற்று மரபு அவரைக் காஞ்சியை அடுத்ததோர் ஊரினர் என்னும். தம் பிரமாணசமுச்சயத்தில் அவர் காட்சியைக் கற்பனை நீங்கிய உணர்வு என வரையறுத்தார். கற்பனை என்பது ஈண்டுப் பொய்ம்மைப் புனைவு அன்று. பெயர் முதலியவற்றைப் பொருளோடு கூட்டுதல். சாத்தன் என்னும்போது பெயரும், ஆ என்னும்போது சாதியும், வெள்ளிது என்னும்போது குணமும், சமைப்பான் என்னும்போது தொழிலும், தண்டுடையான் என்னும்போது உடைப்பொருளும் கூட்டப்படுகின்றன. உலகில் உள்ளதோ, ஒவ்வொரு கணத்தும் தோன்றி மறையும் தனித்தனிப் பொருளே. 'ஆ' என்னும் பொதுமை எந்தப் பட்டியிலும் கட்டப்பட்டு நிற்கவில்லை. அது மனத்தின் ஆக்கம். ஆகவே, 'ஆவைக் கண்டேன்' என்பான் உண்மையில் கண்டது ஒன்று, கண்டதாகக் கருதியது மற்றொன்று.

மணிமேகலையின் அளவைப் பகுதி திக்நாகர் மரபினைப் பின்பற்றியதா, அதற்கு முந்தியதா என்பது பற்றி அறிஞரிடையே நெடிய வழக்கு உண்டு. சா. கிருட்டிணசாமி ஐயங்கார் 1928 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில நூலில் மணிமேகலை முந்தியது என நிறுவ முயன்றார். பின்பற்றியதே என்பார் பலர். அவ்வழக்கினுள் ஈண்டு நுழையவில்லை. சொற்பொருள் துணிதற்கு இருதிறத்தார் முடிபும் ஒன்றுபோலவே உதவும்.

திக்நாகர்க்கு முன்னரே பாலிநூன் மரபில் இவ்வினாவுக்குரிய வித்துக்கள் உள்ளன. மச்சிம நிகாயத்தின் மதுபிண்டிக சூத்திரத்தில் மகா கச்சாயனர் ஒரு தொடரை விளக்குகின்றார்: கண்ணையும் உருவையும் சார்ந்து கண்ணுணர்வு பிறக்கும், மூன்றும் கூடுதல் ஊறு, ஊற்றால் நுகர்வு, நுகர்ந்ததைக் குறிக்கொள்ளுதல், குறிக்கொண்டதை எண்ணுதல், எண்ணியதை விரித்துப் பெருக்குதல். பின்னர் அப்பெருக்கமே மனிதனைச் சூழ்ந்து வருத்தும் என்கின்றார். தொடக்கத்தில் 'இது பிறக்கும்' என இயற்கை நிகழ்ச்சியாகக் கூறப்பட்டது, நடுவில் 'இவன் எண்ணுகின்றான்' எனச் செய்வானை உடைய வினையாக மாறி, முடிவில் செய்தவனையே செயப்படுபொருளாக்கி விடுகின்றது. இலக்கணம் பயின்றார்க்கு இம்மாற்றம் சுவைபயப்பதாம். மணிமேகலை 30 ஆம் காதையின் பன்னிரு சார்புகளுள் வாயில், ஊறு, நுகர்வு என வருவன இத்தொடரின் பகுதிகட்கு நேரான தமிழ்ச் சொற்களே. ஐங்கந்தங்களுள் ஒன்றாகிய சஞ்ஞையைக் குறிப்பு என அக்காதை மொழிபெயர்த்திருப்பது மிகப் பொருத்தமுடைத்து.

பொருத்தம் யாதெனின், இலங்கையில் இருந்து விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர் சஞ்ஞைக்குக் கூறும் உவமையே காண்க. தச்சர் மரத்துண்டின்மேல் அடையாளம் இட்டு வைப்பர். பின்னர் அவ்வடையாளத்தைக் கொண்டு 'இஃது அதுவே' என அறிவர். மனமும் தான் கண்டதன்மேல் குறியிடும். மறுமுறை குறியைக் கண்டு பொருளைக் கண்டதாகக் கொள்ளும். அதனாலேயே கொல்லையில் நிறுத்திய புல்லுருவை மான்கன்று ஆள் எனக் கருதி அஞ்சுகின்றது என்று அவர் மற்றோர் எடுத்துக்காட்டும் தருகின்றார். காசுக்குவியலைக் காணும் மூவரைப் பற்றிய உவமையும் அந்நூலில் உளது. சிறுவன் நிறமும் வடிவும் மட்டும் அறிவான். நாட்டுப்புறத்தான் இது மக்கட்குப் பயன்படும் பொருள் என்பதும் அறிவான். காசு வாணிகன் நல்லது, போலி, எவ்வூரில் அடித்தது என்பனவும் அறிவான். மூவர் கண்ணிலும் பட்ட ஒளி ஒன்றே. புத்தகோசர் காலத்தவராகக் கூறப்படும் புத்ததத்தர் உறையூரினர் என்பதும், அபிதம்மாவதாரம் என்னும் நூலைச் சோழநாட்டில் இருந்து இயற்றினார் என்பதும் நம்மவர் நினைவில் இருத்தற்குரியன. இம்மனவியல் நம் நாட்டிற்கு அயலானதன்று.

அபிதம்ம நூலார் ஒரு காட்சி நிகழ்ச்சியைப் பதினேழு சித்தக்கணங்களாகப் பகுப்பர். அவற்றுள் கண்ணுணர்வு ஒரே ஒரு கணம். ஏனையவற்றுள் மனம் திரும்புதல், ஏற்றல், தேர்தல், துணிதல், விரைந்து நுகர்தல் என்பன அடங்கும். மாமரத்தடியில் தலையை மூடித் துயில்வான் ஒருவன் பழம் விழுந்த ஒலி கேட்டு விழித்து, கண்டு, எடுத்து, பிசைந்து, முகர்ந்து, உண்டு, மீண்டும் உறங்குதல் இதற்குரிய உவமை. 'மாம்பழம்' என்று பெயரிடுதல் இதனுள்ளும் அடங்காது. பின்னர்த் தொடரும் மனத்தின் நிகழ்ச்சிகளாலேயே அது கைகூடும் என்பர்.

இனி மேலைநாட்டு ஆராய்ச்சியை நோக்குவாம். செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821–1894), 1856 முதல் 1867 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த தம் ஒளியுடலியல் நூலில், காட்சி என்பது நாம் அறியாமலே மனம் செய்யும் அனுமானம் என்றார். கண்திரையில் விழும் உரு தட்டையானது, தலைகீழானது, ஒவ்வொரு கண்ணசைவிலும் மாறுவது. ஒரே உருவைப் பல்வேறு பொருள்கள் விளைத்தல் கூடும். இவற்றுள் எது நிகழ்ந்திருத்தல் கூடும் என்பதை முன்னைப் பழக்கங்கொண்டு மனம் உய்த்துணர்கின்றது. ஆகவே புலனுணர்வுகள் பொருள்களின் படிகள் அல்ல, அடையாளங்களே என்பது அவர் துணிபு. அடையாளம் என்னும் இச்சொல்லைக் கண்டவுடன் தச்சர் குறியை நினைத்து மகிழ்வார் உளர். ஆயின் வேறுபாடு பெரிது: ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறும் அடையாளம் நரம்பு மனத்திற்குத் தருவது, புத்தகோசர் கூறும் குறி மனம் பொருண்மேல் இடுவது.

பின்வந்த ஆராய்ச்சிகள் அனுமானக் கொள்கையை வலியுறுத்தின. கண்திரையில் ஒளியேற்கும் உயிரணுக்கள் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்டவை. மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் இழைகளோ ஏறத்தாழப் பத்து இலட்சமே. சுருக்குதலும் தேர்ந்தெடுத்தலும் கண்ணிலேயே தொடங்கிவிடுகின்றன. நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியேற்கும் அணு இன்மையால் அங்கே குருட்டிடம் ஒன்று உளது. 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மரியோத் இதனைக் கண்டறிந்தார். அவ்விடம் கரும்புள்ளியாகத் தோன்றுதலும் இல்லை. அக்கம்பக்கம் உள்ளதைக் கொண்டு அது நிரப்பப்படுகின்றது. 1995 ஆம் ஆண்டில் அடெல்சன் என்பார் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலில் உள்ள வெண்கட்டமும் வெளியில் உள்ள கருங்கட்டமும் அச்சில் ஒரே நிறத்தன. எவர் கண்ணுக்கும் அவை அங்ஙனம் தோன்றா. நிழலைக் கழித்து மேற்பரப்பின் இயல்பை மதிப்பிட்டே மனம் நமக்குத் தருகின்றது. 1999 இல் ராஜேஷ் ராவ், டேனா பாலர்டு என்னும் இருவர் இதனை ஒரு கணித அமைப்பாக வகுத்தனர்: மூளையின் மேற்பகுதிகள் எதிர்பார்ப்பைக் கீழே அனுப்புகின்றன; எதிர்பார்ப்புக்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே கீழிருந்து மேலே செல்கின்றது.

இவ்வளவில் நின்று, 'பௌத்தர் அன்று கூறியதையே விஞ்ஞானம் இன்று கூறுகின்றது' என முடித்தல் எளிது. அங்ஙனம் முடிக்கும் கட்டுரைகள் மிகப் பல. எமக்கு அம்முடிபு உடன்பாடன்று. பௌத்தர் என்னும் ஒரு பெயரின்கீழ்ப் பல கொள்கையினர் உளர். வசுபந்து தம் விஞ்சதிகையில் புறப்பொருள் இல்லை, உணர்வே உளது என வாதிட்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸோ புறப்பொருள் ஒன்று இருந்து தாக்குவதனைக் கொண்டே அனுமானம் பற்றிப் பேசுகின்றார். தம்மபதத்தின் முதற்பாட்டு மனமே முன்னிற்பது என்பதனை எடுத்துக்கொண்டு, மனம் உலகைப் படைக்கும் என்பது போல விரிப்பார் உளர். அப்பாட்டு, தீய மனத்தோடு செய்தானைத் துன்பம் தொடரும் என்று வினைப்பயன் கூற வந்ததே அன்றிக் காட்சியிலக்கணம் கூற வந்தது அன்று.

ஒற்றுமையினும் வேற்றுமையே கற்பார்க்குப் பயன் மிகுதியும் தருவது. திக்நாகர் காட்சியையும் அனுமானத்தையும் இரண்டு அளவைகளாகப் பிரித்து, ஒன்றின் புலத்துள் மற்றொன்று நுழையாது என்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்சியே அனுமானம் என்றார். இருவரும் 'ஆவைக் கண்டேன்' என்னும் உலகவழக்கினுள் கருத்துக் கலந்துள்ளது என்பதில் ஒன்றுபடுவர். கருத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது யாது என்பதிலேயே பிரிவர். திக்நாகர்க்கு எஞ்சுவது தூய சுட்டுணர்வு. மெய்ப்பொருளைத் தொடுவது அதுவே. விஞ்ஞானிக்கோ அங்ஙனம் எஞ்சுவது ஒன்றில்லை. அமெரிக்க உடலியலார் ஹார்ட்லைன், குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்து, ஒரு கண்ணணு ஒளிபெறும்போது பக்கத்து அணுவை அடக்குகின்றது எனக் காட்டினார். 1967 இல் நோபல் பரிசு பெற்றார். விளிம்புகளை மிகுத்துக் காட்டும் இச்செயல் பெயர் அறியாத நண்டின் கண்ணிலேயே நிகழ்கின்றது. 'சுட்டு' என்பதற்கு முன்னரே ஒப்பீடு தொடங்கிவிட்டது.

இவ்விடர்ப்பாட்டைப் பௌத்தர் தாமே உணர்ந்தனர் என்பதுதான் வியத்தற்குரியது. திக்நாகர்க்குப் பின், 7 ஆம் நூற்றாண்டினரான தர்மகீர்த்தி, கற்பனை நீங்கியது என்னும் இலக்கணம் போதாது எனக் கண்டு, மயக்கம் இல்லாதது என்னும் அடைமொழியையும் நியாயபிந்துவில் சேர்த்தார். மயக்கத்திற்கு அவர் காட்டும் காரணங்கள் நான்கு. கண்ணோயால் இல்லாதது தோன்றுதல். விரைவாகச் சுழற்றப்படும் கொள்ளி வட்டமாகத் தோன்றுதல். படகில் செல்வானுக்குக் கரையில் உள்ள மரங்கள் ஓடுதல். உடற்கூறுகள் கலங்குதலால் நேரும் திரிபு. இவற்றுள் பெயரும் சாதியும் எங்கே வந்தன? கொள்ளிவட்டத்தைக் காண்பதற்கு 'வட்டம்' என்னும் சொல் தெரிந்திருத்தல் வேண்டுவதில்லை. புகைவண்டி நிலையத்தில், பக்கத்து வண்டி நகரும்போது நம் வண்டியே நகர்ந்ததாகத் துணுக்குறுகின்றோம். அஃது எண்ணி அடைந்த முடிபு அன்று. எனவே சொல்லால் வரும் திரிபு வேறு, சொல்லுக்கு முந்திய திரிபு வேறு என இரண்டு நிலைகள் வகுக்கப்பட்டன.

இப்பகுப்பு சரியே என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று நம் நாட்டிலிருந்தே கிடைத்துள்ளது. ஒத்த நீளமுள்ள இரண்டு கோடுகளில், அம்புமுனை உள்நோக்கியும் வெளிநோக்கியும் இருத்தற்கேற்ப ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் தோன்றும் முல்லர்–லையர் உருவம் 1889 இல் வெளியிடப்பட்டது. அளந்து பார்த்து ஒத்தவை என அறிந்த பின்னும் அத்தோற்றம் மாறுவதில்லை. மூலைமுடுக்குகள் உள்ள கட்டடங்களில் வாழ்ந்து பழகியதனாலேயே இம்மயக்கம் உண்டாகின்றது என்றனர் சிலர். செகல் முதலிய மூவர் 1966 இல் பல்வேறு நாட்டு மக்களை ஆராய்ந்து, மயக்கத்தின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடுதலைக் காட்டினர். ஆயின் இந்தியாவில் பிறவியிலேயே கண்படலம் உற்றுப் பார்வையின்றி வளர்ந்து, அறுவை மருத்துவத்தால் பார்வை பெற்ற சிறார் சிலரைப் பவன் சின்காவின் குழுவினர் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட முடிபு வேறாயிற்று. பார்வை பெற்ற உடனேயே அச்சிறார் அம்மயக்கத்திற்கு ஆளாயினர். அக்குழுவினரே 2011 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கையால் தொட்டறிந்த பொருளைப் புதிதாகப் பார்வை பெற்ற சிறார் கண்ணால் கண்டு உடனே இனங்காண இயலவில்லை என்பது புலனாயிற்று. சின்னாட் பழக்கத்திற்குப் பின் அது கைகூடிற்று. பொருளை 'இஃது அதுவே' என அறிதற்குப் பழக்கம் வேண்டும். நீளத்தைத் திரித்துக் காண்டற்கோ பழக்கம் வேண்டுவதில்லை. தர்மகீர்த்தி சேர்த்த அடைமொழியின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

இனி மீண்டும் அளவைவாதிக்கு வருவோம். அவன் கூறும் எட்டு வழுக்களுள் திரியக்கோடலுக்கு இப்பியை வெள்ளி என்றலும், ஐயத்திற்குத் தறியோ மகனோ என்றலும், தேராது தெளிதலுக்கு ஆராயாமல் தறியை மகன் எனத் துணிதலும் எடுத்துக்காட்டுக்கள். இவை வடநூல்களில் பயின்று வருவன. கற்பார் விரைந்து கடந்து செல்லும் மற்றொன்று கண்டுணராமை. கொடிய புலி அணுகுதலைக் கண்டும் அறியாதிருத்தல் அதற்கு எடுத்துக்காட்டு. கண்ணில் பட்ட புலியை ஒருவன் எங்ஙனம் அறியாதிருப்பான் என ஐயுறுவார் உளர். 1999 இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்னும் இருவர் நிகழ்த்திய ஆய்வு அவ்வையத்தைப் போக்கும். பந்து எறிந்து ஆடுவோரின் திரைப்படத்தைக் காட்டி, ஒரு குழுவினர் எத்தனை முறை எறிந்தனர் என எண்ணுமாறு பணித்தனர். ஆட்டத்தின் இடையே கொரில்லாக் குரங்கின் உடையணிந்த ஒருவர் நடுவில் வந்து மார்பில் அறைந்துகொண்டு சென்றார். எண்ணிக்கையில் ஈடுபட்டிருந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைக் கண்டிலர். புலி குரங்காயிற்று, வேறுபாடு அவ்வளவே. அபிதம்மத்தார் கண்ணுணர்வுக்கு முன் மனம் திரும்புதல் என்றொரு கணத்தை வைத்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பொறியும் பொருளும் ஒளியும் அமைந்திருந்தும் மனம் திரும்பாவழிக் காட்சி இல்லை.

தூய சுட்டுணர்வு மனிதனால் எய்தத்தக்கதா என்பது எஞ்சிய வினா. உதானத்தில் பாகியன் என்பானுக்குப் புத்தர், கண்டதில் கண்டது மட்டுமே இருக்கப் பயில்க என்று அறிவுறுத்தியதாக வருகின்றது. அது முனிவர்க்கு உரிய பயிற்சி. அளவைநூலார் கூறும் இலக்கணம் எல்லார் காட்சியின் முதற்கணத்திற்கும் உரியது. இரண்டனையும் ஒன்றாக்குதல் பிழை. பயிற்சியின் பயனைப் பற்றி 2007 இல் சிலாக்டர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று குறிக்கத்தக்கது. விரைந்து காட்டப்படும் எழுத்துக்களிடையே இரண்டு எண்களைக் கண்டறியுமாறு பணித்தால், முதல் எண்ணைக் கண்ட மனம் அரை நொடிக்குள் வரும் இரண்டாவதைப் பெரும்பாலும் தவறவிடும். மூன்று திங்கள் விபசனைப் பயிற்சி மேற்கொண்டோர் அவ்வாறு தவறவிடுதல் குறைந்தது. முதற்பொருளைப் பற்றிக்கொண்டு நில்லாமையே இதற்குக் காரணம் என்பர் ஆய்வாளர். பற்று என்னும் சார்பினை நினைவூட்டும் முடிபாயினும், இஃது உள்ளத்தின் ஊக்கம் பங்கிடப்படும் முறையைப் பற்றியதே; கருத்துக் கலவாத காட்சி உண்டு என்பதற்குச் சான்றாகாது.

சொல்லாராய்ச்சிக்கு மீள்வாம். 27 ஆம் காதையின் சுட்டுணர்வுக்கு, பெயர் முதலியன சேராமையால் குறைபட்ட உணர்வு எனவும், 29 ஆம் காதையின் சுட்டுணர்வுக்கு, பெயர் முதலியன சேராமையால் மாசுபடாத உணர்வு எனவும் பொருள் எழுதுதல் வேண்டும். சொல் குறிக்கும் நிகழ்ச்சி ஒன்றே, மதிப்பீடே வேறு. பிற்காலச் சைவ சித்தாந்த நூல்களில் வழங்கும் சுட்டறிவு என்பது மூன்றாவதொரு பொருளுடையது. 'இது' எனப் பொருளைத் தன்னின் வேறாக நிறுத்தி அறியும் உயிரின் அறிவு அது. சுட்டிறந்து நிற்றலே அங்கே மேனிலை. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்தலும், நியாயபிந்து வகுக்கும் நான்கும் பெரிதும் ஒத்திருத்தல் காணலாம். பௌத்தரைப் பரபக்கத்தில் மறுத்த அருணந்தி சிவாசாரியார், சுபக்கத்தின் தொடக்கத்தில் அவர்தம் பகுப்பினை ஒத்ததொரு பகுப்பினை மேற்கொண்டு, அதனுள் சுட்டு என்னும் சொல்லுக்கு மட்டும் இடங்கொடாமல் விட்ட காரணம் தனியே ஆராய்தற்குரியது.